அனாமத்து

முனீஸ்வரன் கோயில் தெருவில்
ஜபருல்லாவின் பழைய சாமான் கடைக்கு மேலே என் அறை.
சொல்லுக்கு மூன்று ரூபாய் கூலி.
நாற்பத்தேழு சொல்,
நூற்று நாற்பத்தொரு ரூபாய்.
ஒரு மொழி முழுக்க அவ்வளவுதான்.

மலை வெடிப்பதற்கு முந்தின வருஷம்
கப்பல் கணக்கன் ஒருவன் கேட்டு எழுதியது.
தேன்மெழுகு, உப்பு, குதிரை, கத்தி,
ஒன்று முதல் பத்துவரை,
நடுவில் என்ன தோன்றியதோ
தலை, கண், கை, மூக்கு.
பிறகு சாம்பல்.
கேட்டவன் அதற்குள் ஊர்போய்ச் சேர்ந்திருந்தான்.
சொன்னவன் பெயரை
எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

படிவத்தில் நான்காவது கட்டம்: குடும்பம்.
நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது.
மூன்று கட்டுரை படித்தேன்.
முதலாமவர் கிழக்கே முந்நூறு மைல் தள்ளி
ஒரு தாயாதியைக் காட்டுகிறார்,
உப்புக்கான சொல்லை வைத்து.
உப்பு விற்கிறவன் பெயரையும் சேர்த்தே விற்பான்
என்கிறார் அடுத்தவர்.
மூன்றாமவர் அடிக்குறிப்பில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு
வேறு தீவுக்குப் போய்விட்டார்.

பாப்புவா என்று போடலாம்.
ஆனால் அது குடும்பப் பெயர் இல்லை.
கடலோடி வந்த பெரிய குடும்பத்தில்
சேராததையெல்லாம் அள்ளிப் போட்ட சாக்கு.
கீழே கடையின் பின்கட்டு மாதிரி:
எந்த வீட்டுக் கதவுடையதோ ஒரு நிலை,
அடியில் யாரோ ஒருவரின் தலைப்பெழுத்து வெட்டிய சம்படம்,
பினாங்கிலிருந்து வந்தது என்பதைத் தவிர
எதற்கென்றே தெரியாத
ஒரு பித்தளைக் கருவி.

கடைக்கு வரிக்கணக்கு எழுதும் தேனப்பன்
டீயோடு ஏறி வந்தான்.
பிரச்சினையைச் சொன்னேன்.
"எந்தக் கோயிலுன்னு தெரியல, அவ்வளவுதானே" என்றான்.
அவர்களில் பெண் பேசப் போனால்
முதல் கேள்வி அதுதான்.
ஒன்பதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.
சொன்னபிறகுதான்
பங்காளியா, சம்பந்தம் செய்யலாமா என்கிற பேச்சு.
"ஒன்பதுலயும் இல்லைன்னா?"
கொஞ்சம் யோசித்தான்.
"அனாமத்துல வை.
எவனோ பணம் கட்டியிருக்கான், எவன்னு தெரியல.
அதுக்காக வரவே இல்லைன்னு எழுத முடியுமா?"

அனாமத்து என்று தட்டினேன்.
அப்படி ஒரு குடும்பம் இல்லை என்றது படிவம்,
சிவப்பில்.

நான், நீ.
அந்தத் தீவுகளில் இந்த இரண்டையும் வைத்துத்தான்
உறவுமுறை பார்ப்பார்கள்.
பட்டியலில் இரண்டும் இல்லை.
மெழுகு வாங்க வந்தவனுக்கு எதற்கு 'நான்'?

ராத்திரி மின்சாரம் போய்
கைப்பேசி வெளிச்சத்தில் மறுபடி பார்த்தபோது
தலை, கண், கை, மூக்கு
நான்கும் 'சி'யில் தொடங்கின.
மற்ற நாற்பத்துமூன்றில் ஒன்றுகூட இல்லை.

எந்தை என்றால் என் தந்தை.
நுந்தை என்றால் உன் தந்தை.
தந்தைக்குள்ளும் ஒரு 'தன்' இருந்தது,
இப்போது நானே என் தந்தை என்கிறேன்,
உள்ளே இருப்பவன் யாரென்று கேட்காமல்.

அப்படியானால் அந்தச் 'சி'
சொல்லின் பகுதி இல்லை, ஆள்.
யார்?
கணக்கன் தன் கண்ணைத் தொட்டுக் கேட்டிருந்தால்
கிடைத்த பதில் "உன் கண்".
எதிரில் நின்றவன் கண்ணுக்கு நேரே நீட்டியிருந்தால்
"என் கண்".
நீட்டிய விரல் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது
என்று ஒரு வரி.
இருநூறு வருஷத்துக்கு அந்த ஒரு வரி போதும்.
மெழுகின் விலையை அணாப் பைசாவோடு எழுதியிருக்கிறான்.

காலையில் கீழே இறங்கினேன்.
ரசம் உதிர்ந்த பெல்ஜியம் கண்ணாடி ஒன்றைத்
தெருவோரம் வெயிலில் சாய்த்து வைத்திருந்தார்கள்.
அதன் எதிரே நின்று
கண்ணுக்கு நேராக விரலை நீட்டினேன்.
உள்ளே இருந்தவளும் நீட்டினாள்.
சி, என்றேன்.
அவள் உதடும் அசைந்தது,
எந்தப் பொருளில் என்று தெரியவில்லை.

ஜபருல்லா துடைத்துக்கொண்டிருந்த துணியோடு வந்து
"விலை பேசலாங்க" என்றார்.
"எந்த வீட்டுது?" என்று கேட்டேன்.